பூவைக் கொதிக்க விடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பொங்கல் காப்புக்குக் கட்டியது போக மீந்த ஆவாரம்பூவைக் காயவைத்து டீ போடுவது நல்ல பழக்கம். ஆனால் பூ, துளசி, சுக்கு, மல்லி எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டு அரை மணி நேரம் கொதிக்க விடுகிறார்கள். அங்கேதான் கெட்டுப்போகிறது.

வேர், பட்டை, விதைக்குத்தான் கொதி வேண்டும். சளிக்கும் செரியாமைக்கும் குடிக்கும் சுக்குமல்லிக்கு, ஒரு பங்கு சுக்கு, இரண்டு பங்கு மல்லி, கொஞ்சம் மிளகு, ஏலக்காய். சுக்கின் மேல்தோலைச் சுரண்டிவிட வேண்டும். சுக்குக்குப் புறநஞ்சு என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான். மல்லியை வறுக்கும்போது கருகினால் கசக்கும், வாசம் வந்ததும் இறக்கி, எல்லாவற்றையும் பொடித்துக்கொள்ளுங்கள். இரண்டு தம்ளர் தண்ணீருக்கு இரண்டு தேக்கரண்டி பொடி போட்டு, சிறுதீயில் ஒன்றரைத் தம்ளராகச் சுண்டட்டும். கருப்பட்டியைத் தனியே கரைத்து, மண் போக வடிகட்டிச் சேர்க்கவும். பாலோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் திரிந்துவிடும்.

பூவுக்கும் இலைக்கும் முறை வேறு. தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, தம்ளருக்கு ஒரு தேக்கரண்டி காய்ந்த ஆவாரம்பூ அல்லது பத்துத் துளசி இலை போட்டு, ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். மூடிய தட்டைத் தூக்கி அடியில் நிற்கும் நீர்த்துளியை முகர்ந்து பாருங்கள், துளசி வாசம் அதில் இருக்கும். திறந்து கொதிக்கவிட்டால் ஆவியோடு போவது அதுதான். தட்டை உள்ளேயே உதறிவிடுங்கள். ஆவாரையில் துவர்ப்பு அதிகம், பட்டை தோல் பதனிடவே பயன்படுகிறது. பூவை நேரம் போகக் கொதிக்கவிட்டால் அந்தத் துவர்ப்பு இறங்கி நாக்கைப் பிடிக்கும். செம்பருத்தியில் இதழ் மட்டும் போதும். எலுமிச்சை பிழிவதானால் அலுமினியப் பாத்திரம் வேண்டாம்.

பூவை நிழலில், துணியில் பரப்பி, விரலில் நொறுங்கும்வரை காயவிட வேண்டும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பனிக்காலத்தில் நாள் கூடுதலாகும். ஈரத்தோடு டப்பாவில் அடைத்தால் பூசணம் பிடிக்கும்; அதைப் பொறுக்கி எடுத்துவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தக் கூடாது.

பெரிய கவலை பறிக்கும் இடம். நெடுஞ்சாலை ஓரத்துப் பூவில் வண்டிப் புகை படிந்திருக்கும். அதைவிட, ஆவாரம்பூ என்று நினைத்து மஞ்சள் அரளியைப் பறித்துவிடக் கூடாது; அது இதயத்தைத் தாக்கும் விஷம். அரளி புனல் வடிவப் பூ. இலை நீண்டு ஒடுங்கியிருக்கும், கிள்ளினால் பால் வடியும். ஆவாரைக்கு ஐந்து இதழும் தனித்தனி. இணை இணையாகச் சிற்றிலைகள், தட்டைக் காய், பால் வராது.

சர்க்கரைக்கு ஆவாரம்பூ குடிப்பவர்கள் மாத்திரையை நிறுத்தவே கூடாது; இரண்டும் சேர்ந்து சர்க்கரை இறங்கக்கூடும் என்பதால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள். டீயில் அதிமதுரம் சேர்ப்பதானால், அது இரத்த அழுத்தத்தை ஏற்றும், அந்தத் தொல்லை உள்ளவர்களுக்கு ஆகாது. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம். காலையில் போட்டதை மாலையில் சூடுபண்ணிக் குடிப்பதும் வேண்டாம்.

ஆவாரம்பூ, மஞ்சள் அரளி இரண்டின் படத்தையும் இலையோடு அருகருகே தங்கள் நாளிதழில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காரிமங்கலம், தருமபுரி மாவட்டம்