டர்பன் மசாலாக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மசாலாக் கடை அண்ணன்மார்களுக்கு வணக்கம்.

உங்கள் மிளகாய்த்தூளில்தான் எங்கள் வீட்டுக் குழம்பு சிவக்கிறது. அந்த உரிமையில் கேட்கிறேன்: மூட்டையைப் பிரித்துப் பொட்டலம் போடும்போது, மூட்டை மேல் இருந்த பேட்ச் எண் (எந்தத் தொகுதிச் சரக்கு என்று காட்டும் எண்) எங்கே போகிறது?

குவியலிலிருந்து இரண்டு கரண்டி அள்ளி, பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயில் ஸ்டேப்ளர் அடித்து, மார்க்கரால் ‘மாமியார் மசாலா’ என்று எழுதித் தருகிறீர்கள். (நானே மாமியாரான பிறகும் அதைத்தான் வாங்குகிறேன்.) எந்த நாட்டு மிளகாய், யார் இறக்கியது என்று ஒரு எழுத்து கிடையாது. 2010இல் வெளியான நம் தென்னாப்பிரிக்க லேபிள் விதிகளோ இதையெல்லாம் கேட்கின்றன.

2024 ஏப்ரலில் ஹாங்காங்கில் இரண்டு பெரிய இந்திய பிராண்டுகளின் நான்கு மசாலாக்களை விற்பனையிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். மெட்ராஸ் கறித்தூளும் சாம்பார் மசாலாவும் அதில் உண்டு. கிருமி கொல்லப் பயன்படுத்தும் எத்திலீன் ஆக்சைடு அவற்றில் இருந்ததாம். புற்றுநோய் வரவழைக்கும் வாயு அது. அட்டைப்பெட்டியில் வாங்கியவர் பெட்டியைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம். மார்க்கர் எழுத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

2005இல் இங்கிலாந்தில், உணவில் சேர்க்கக் கூடாத சூடான் 1 என்ற சாயம் கலந்த மிளகாய்த்தூள் ஒரு வூஸ்டர் சாஸுக்குள் போய், அங்கிருந்து 400க்கும் மேற்பட்ட உணவுப் பொருட்களுக்குப் பரவியிருந்தது. எது எதில் போனது என்று கணக்கு இருந்ததால் திரும்பப் பெற முடிந்தது.

பொட்டலம் பொட்டலமாக ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லவில்லை. அந்தச் செலவு உங்களுக்குக் கட்டாது. இறக்குமதியாளரிடம் மூட்டைக்குரிய சோதனைச் சான்றின் நகலைக் கேளுங்கள். தர மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள். முக்கியமாக, பழைய மூட்டை தீருமுன் புதியதை அதே டப்பாவில் கொட்டாதீர்கள். இரண்டும் கலந்துவிட்டால் சான்று இருந்தும் பயனில்லை. மூட்டையின் பேட்ச் எண்ணைப் பொட்டலத்திலும் எழுதுங்கள். சொந்தக் கலவையா, கலந்த தேதியையே எண்ணாகப் போடுங்கள். எந்த மூட்டை மல்லி, எந்த மூட்டை மிளகாய் என்று நோட்டில் ஒரு வரி போதும். உங்கள் கலவை ரகசியம் எங்களுக்கு வேண்டாம்.

அப்புறம், சில கடைகளில் கல்லாவுக்குப் பின்னால் சூட்கேஸில் வந்த இருமல் சிரப்புகள் நிற்கின்றன. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் என்ற இருமல் சிரப்பில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு கலந்திருந்து, 2025இல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்துபோனார்கள். மருந்து விற்பது மருந்துக்கடை வேலை. அந்தப் பாட்டில்களைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

ஆடி மாதக் கோயில் சமையலுக்கு எங்கள் குழு மொத்தமாக மசாலா வாங்கும். இந்த முறை பேட்ச் எண் ஒட்டிய பொட்டலம் மட்டும்தான் என்று பேசி வைத்திருக்கிறோம். சாமான் பட்டியல் அடுத்த வாரம் கைக்கு வரும்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த் கோயில் சமையல்கட்டிலிருந்து ஒருத்தி