கரையிலிருந்து கை கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

8 மாதம் என் ஊரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ராத்திரியில் மெரினா கலங்கரை விளக்கத்தின் வெளிச்சம் கப்பலிலிருந்து தெரியும். அந்தக் கரையில்தான், தண்டையார்பேட்டையில், என் வீடு. ஆனால் இறங்க முடியாது. சம்பளத்தை நிறுத்திவிட்டு முதலாளி போன் எடுப்பதையும் விட்டுவிட்ட ஒரு கப்பலில், சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே 11 பேர் நங்கூரத்தில் கிடந்தோம். கப்பலை ஆளில்லாமல் விட்டுவிட்டுப் போகக்கூடாது என்பது விதி. மாற்று ஆள் அனுப்ப வேண்டியவரைத்தான் காணோமே. போன வாரம் வீடு வந்து சேர்ந்தேன். இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது.

முதலில் காசிமேட்டு மீனவ அண்ணன்மாருக்கு. டீசல் குறைந்ததும் ஜெனரேட்டரை நாளைக்கு 2 மணி நேரம்தான் ஓட்டினோம். ஃப்ரீசர் கெட்டபின் சோறும் பருப்பும், அப்புறம் வெறும் சோறு. விடிகாலையில் கரை திரும்பும்போது கப்பலோரம் வந்து, நாங்கள் கயிற்றில் இறக்கிய பக்கெட்டில் சங்கராவும் காரப்பொடி மீனும் போட்டீர்கள், குடிதண்ணீர் கேனும் கட்டிவிட்டீர்கள். ஒருநாள் பெயர் கேட்டேன். "மொதல்ல மீனைத் துன்னுப்பா" என்றீர்கள்.

புயல் எச்சரிக்கை வந்த 2 இரவும் ரேடியோவில் மணிக்கொருமுறை கூப்பிட்டு, ஆங்கர் பிடித்திருக்கிறதா என்று கேட்ட துறைமுகக் கட்டுப்பாட்டு அறைக்காரரே, உங்கள் முகம் எனக்குத் தெரியாது. இன்ஜினுக்கு எண்ணெய் இல்லாத கப்பலைக் காற்று இழுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அந்தக் குரல் வரும்வரை யாரும் படுக்கவில்லை.

ஐ.டி.எஃப். என்ற சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சங்கக் கூட்டமைப்பின் இன்ஸ்பெக்டர் ஐயாவுக்கு என்ன சொல்ல? போனில் நாங்கள் அழுததை எல்லாம் கேட்டுவிட்டு, "மெஸ் ரூம் போர்டுல ஒட்டியிருக்கிற காகிதத்தை எல்லாம் போட்டோ எடுத்து அனுப்புங்க" என்றீர்கள். அதில் ஒன்று காப்பீட்டுச் சான்றிதழ். 2017 முதல் சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி கப்பலில் மாட்டியிருக்க வேண்டியது. 2 மாதச் சம்பளம் நின்றாலே கைவிடப்பட்டவர்கள் என்று கணக்கு. சாப்பாடு, ஊர் திரும்பும் செலவு, 4 மாதம் வரை பாக்கிச் சம்பளம் காப்பீட்டிலிருந்து வரும் என்று சொன்னீர்கள். அந்தக் காகிதத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் அத்தனை மாதமும் வெறும் சோறு தின்றிருக்கிறோம். 2024இல் மட்டும் 312 கப்பல்களில் 3,133 பேர் இப்படிக் கைவிடப்பட்டார்கள், அதில் இந்தியர்கள்தான் அதிகம், 899 பேர் என்றும் சொன்னீர்கள். அன்றைக்குத்தான் இது எங்கள் தலையெழுத்து மட்டுமில்லை என்று புரிந்தது.

வழக்கறிஞர் அம்மா, முதலாளியின் ஆள் 2 மாதப் பணத்தோடு வந்து, "இனி பாக்கி எதுவும் இல்லை" என்ற தாளை நீட்டியபோது எங்களில் 3 பேர் பேனாவைக் கையில் எடுத்துவிட்டார்கள். வீட்டு நிலைமை அப்படி. "போடாதீங்க, நீங்க கேக்குறது உங்க கூலி" என்று நீங்கள் போனில் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கப்பல் ஏலம் போனால் அடமானம் வைத்திருக்கும் வங்கிக்கும் முன்னால் மாலுமியின் சம்பளம்தான் நிற்கும், கப்பல் வழக்குகளுக்கான 2017 அட்மிரால்டி சட்டம் அப்படித்தான் சொல்கிறது என்று பொறுமையாக விளக்கினீர்கள். எங்களோடு இருந்த மியான்மர் பையன்களுக்கும் சைகையும் படமுமாகப் புரியவைத்தீர்கள். சென்னை உயர் நீதிமன்றம் கப்பலைப் பிடித்துவைக்கச் சொன்ன உத்தரவைக் கப்பலில் ஒட்டிய அன்று எங்கள் சமையல்காரர் அதைத் தொட்டுக் கும்பிட்டார். காவலுக்கு வேறு ஆட்கள் ஏறியதும் நாங்கள் இறங்கினோம். 4 மாதச் சம்பளம் கைக்கு வந்துவிட்டது. மீதி ஏலப் பணத்திலிருந்து வர வேண்டும். வரும்.

கடலுக்குப் போக நினைக்கும் நம் ஏரியா தம்பிகளுக்கு ஒன்று. 2 லட்சம் வாங்கிக்கொண்டு என்னை ஏற்றிவிட்டவனிடம் கப்பல் துறை இயக்குநரகத்தின் லைசன்ஸ் இருக்கிறதா என்று நான் கேட்கவே இல்லை. நீங்கள் கேளுங்கள்.

என் மனைவிக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வாள். தாலியைத் தவிர எல்லா நகையும் அடகில் இருக்கிறது, மீட்டுவிட்டுச் சொல்கிறேன். மளிகைக் கடை அண்ணாச்சி, 8 மாதமும் ஒருநாள்கூட வாசலில் வந்து கேட்காமல் நோட்டில் மட்டும் எழுதிக்கொண்டே வந்தீர்கள். 23,400 ரூபாய் என்று மனைவி சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாதியோடு வருகிறேன், நோட்டை எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கப்பல் இன்ஜின் ரூம் மோட்டார்மேன், தண்டையார்பேட்டை