தாமதமாகப் பணியேற்றவரின் முதுநிலை குறித்து ஒரு திறந்த மடல்

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
மனிதவள மேலாண்மைத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை 600 009.

பெருமதிப்பிற்குரியீர்,

வணக்கம். சென்னையிலுள்ள ஒரு துறைத் தலைமை அலுவலகத்தில் உதவியாளராகப் பணிபுரிகிறேன். தேர்வாணையப் பட்டியலில் முன்னே இடம்பெற்றும், நியமன ஆணையில் குறித்த நாளுக்குள் பணியேற்க முடியாமல் அனுமதியோடு பின்னால் வந்து சேர்ந்தவர்களின் முதுநிலையை, அதாவது பணிமூப்பு வரிசையில் அவர்களின் இடத்தை, எவ்வாறு நிர்ணயிப்பது என்பதில் அலுவலகத்துக்கு அலுவலகம் நிலவும் குழப்பத்தைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவே இம்மடலை எழுதுகிறேன்.

2015 அக்டோபரில் இளநிலை உதவியாளராக எனக்கு நியமன ஆணை வந்தபோது நான் நிறைமாதக் கர்ப்பிணி. மருத்துவச் சான்றுடன் கால நீட்டிப்புக் கோரினேன்; வழங்கினார்கள்; 2016 ஏப்ரலில் பணியேற்றேன். நீட்டிப்பு ஆணை நான்கே வரிகள் கொண்டது. முதுநிலை பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. என் இடம் அப்படியே இருக்கும் என்று நான் நம்பினேன். நான் கீழே இறங்கிவிட்டேன் என்று என்னோடு தேர்வானவர்கள் நம்பினார்கள். இரு தரப்பும் வாய்விட்டுக் கேட்கவில்லை, நிர்வாகப் பிரிவும் சொல்லவில்லை. 2021-இல் பதவி உயர்வுக்கான தேர்ந்தோர் பட்டியல் தயாரிப்பதற்காக முதுநிலைப் பட்டியல் சுற்றுக்கு வந்தபோதுதான், தரவரிசையில் எனக்குப் பின்னிருந்த பதினொரு பேருக்குக் கீழே என் பெயர் இருப்பதைக் கண்டேன்.

விதி தெளிவாகத்தான் இருந்தது. தமிழ்நாடு மாநில மற்றும் சார்நிலைப் பணிகளுக்கான பொது விதிகளின் 35-ஆம் விதி, நேரடி நியமனம் பெற்றவரின் முதுநிலை தேர்வாணையப் பட்டியலில் அவர் பெற்ற தரத்தைப் பொறுத்தது என்றே கூறியது. பணியேற்ற நாளை அது அளவுகோலாக வைக்கவில்லை. பொது விதிகளின் இடத்தில் பின்னர் 2016-ஆம் ஆண்டின் அரசுப் பணியாளர்கள் பணி நிபந்தனைகள் சட்டம் வந்தது. அதன் முதுநிலைப் பிரிவைச் சுற்றி எழுந்த இனச்சுழற்சி (இடஒதுக்கீட்டுச் சுழல்முறை) வழக்குகள் தனிப் பொருள். அவற்றுக்குள் நான் இங்கே போகவில்லை. தகுதிகாண் பருவமும் ஆண்டு ஊதிய உயர்வும் பணியேற்ற நாளிலிருந்து கணக்கிடப்படுகின்றன, அதுவே நியாயமும்கூட. ஆனால் முதுநிலை அந்தக் கணக்கில் சேராது. இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பார்ப்பதால், பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்திலுள்ள பணியேற்பு நாளை வரிசைப்படி எடுத்து எழுதியதையே முதுநிலைப் பட்டியல் என்று பல பிரிவுகளில் சுற்றுக்கு விடுகிறார்கள்.

அதைவிடக் கொடியது காலவரம்பு. முதுநிலையைத் திருத்தக் கோரும் விண்ணப்பத்தை, பணியில் நியமிக்கப்பட்ட நாளிலிருந்தோ முதுநிலை நிர்ணயித்த ஆணையின் நாளிலிருந்தோ மூன்று ஆண்டுகளுக்குள் அளிக்க வேண்டும், பிந்தி வருவது நிராகரிக்கப்படும் என்று அதே 35-ஆம் விதி கூறியது. முடிந்துபோன பழைய கணக்குகளை ஓயாமல் கிளறாதிருக்க அத்தகைய வரம்பு தேவை என்பதை ஏற்கிறேன். ஆனால் ஆண்டுதோறும் பட்டியல் வெளியிடாத ஓர் அலுவலகத்தில், தன் இடம் இறங்கியது ஒருவருக்கு எந்த ஆணை வழியாகவும் தெரிவிக்கப்படாதபோது, அந்த மூன்று ஆண்டுகள் அவருக்குத் தெரியாமலேயே ஓடி முடிந்துவிடுகின்றன. என் ஆட்சேபணைக்கு முதலில் வந்த பதில், 'காலங்கடந்த கோரிக்கை' என்ற ஒற்றை வரி. மேல்முறையீட்டில் என் இடம் திரும்பக் கிடைக்க மேலும் இரண்டு ஆண்டுகள் ஆயின.

எதிர்த் தரப்பின் மனக்குறையையும் நான் சொல்லியாக வேண்டும். என்னைவிடத் தரவரிசையில் பின்தங்கிய ஒருவர் ஆணை கிடைத்த வாரமே பணியேற்றார். அவ்வாண்டு டிசம்பர் வெள்ளத்தில் அவர் முழங்கால் தண்ணீரில் நின்று நிவாரணக் கணக்கெடுப்பு செய்த நாட்களில், நான் பச்சை உடம்புக்காரியாக வீட்டில் இருந்தேன். என் காலியிடத்தின் கோப்புகளையும் அவரே பார்த்தார். ஆறாண்டுகளாகத் தன்னை எனக்கு மூத்தவர் என்று நம்பியிருந்து, பட்டியலில் அலுவலகமே அதை எழுத்தில் காட்டிய பிறகு, திருத்தப்பட்ட பட்டியல் அவருக்கு அநீதியாகத் தெரிந்ததில் வியப்பில்லை. 'அக்கா, நீங்க அப்பவே சொல்லியிருக்கலாமே' என்று அவர் கேட்டார். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியது அலுவலகம். அது சொல்லாததால் நாங்கள் இருவரும் இன்றுவரை ஒரே அறையில் முகம் கொடுத்துப் பேச முடியாமல் இருக்கிறோம்.

ஒன்றிய அரசு இதற்கு எழுத்தில் விடை வைத்திருக்கிறது. 6.6.1978 நாளிட்ட அலுவலகக் குறிப்பாணையின்படி, நீட்டிப்பையும் சேர்த்து நியமன வாய்ப்பு ஒன்பது மாதங்களுக்கு மேல் திறந்திருக்காது என்று இருந்தது; 1995-இல் அந்த வரம்பு ஆறு மாதமாகக் குறைக்கப்பட்டது. அதற்குள் வந்து சேர்பவரின் முதுநிலை எவ்விதத்திலும் இறக்கப்படாது. காலாவதியான வாய்ப்பு பொதுநலன் கருதிப் புதுப்பிக்கப்பட்டால் மட்டுமே, உரிய காலத்தில் சேர்ந்தவர்களுக்குக் கீழே அவர் வைக்கப்படுவார். அந்தக் கால வரம்புதான் சரியான அளவு என்று நான் வாதிடவில்லை. ஆனால் பணியேற்கும் முன்பே தன் நிலை என்ன என்பது அங்கே ஒருவருக்குத் தெரிந்துவிடுகிறது.

பேறுகாலத்தால் தாமதிக்கும் பெண்களைப் பொறுத்தவரை இன்னும் ஒரு படி மேலே செல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கருவுற்ற பெண்களைத் தற்காலிகமாகத் தகுதியற்றவர் என்று கூறிப் பிரசவத்துக்குப் பிறகே சேர்த்துக்கொள்ளும் விதியைப் பாரத ஸ்டேட் வங்கி கொண்டுவந்து, எதிர்ப்பு எழுந்ததும் 2022 ஜனவரியில் கைவிட்டது நினைவிருக்கும். வேலை கைநழுவாவிட்டாலும், தாமதத்தோடு முதுநிலையும் போய்விடும் என்றால் அந்த இழப்பு பணி ஓய்வு வரை ஒவ்வொரு பதவி உயர்விலும் தொடரும்.

ஆகவே, பணியேற்கக் கால நீட்டிப்பு வழங்கும் ஒவ்வோர் ஆணையிலும், நீட்டிப்புக்கான காரணத்தையும், அதனால் முதுநிலை மாறுமா மாறாதா என்பதையும் எழுதியே தீர வேண்டும் என எல்லாத் துறைத் தலைவர்களுக்கும் அறிவுறுத்தல் வழங்குமாறு வேண்டுகிறேன். அந்த ஆணையின் நகலை அதே தேர்வில் அத்துறைக்கு ஒதுக்கப்பட்ட மற்றவர்களுக்கும் சார்வு செய்தால் (முறைப்படி கையில் சேர்ப்பித்தால்), பின்னாளில் ஒருவரும் ஏமாந்ததாக உணர மாட்டார். முதுநிலைப் பட்டியலை ஆண்டுதோறும் ஒவ்வொருவரிடமும் கையொப்பம் பெற்றுச் சுற்றுக்கு விடவும், மூன்றாண்டுக் காலவரம்பை அந்தக் கையொப்ப நாளிலிருந்து கணக்கிடவும் ஆவன செய்ய வேண்டும்.

என் விவகாரம் முடிந்துவிட்டது; எனக்கென்று எதையும் கோரவில்லை. அடுத்த கலந்தாய்வில் துறை ஒதுக்கீடு பெற்று நியமன ஆணைக்குக் காத்திருப்பவர்களின் கைக்கு அந்த ஆணை சேரும் முன்பாக இதைச் செய்து தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் உதவியாளர்,
சென்னை.