காலியாக இருந்த நான்காவது பக்கத்துக்காக ஒரு நன்றி மடல்

அன்புள்ள நண்பர்களுக்கும் பெரியவர்களுக்கும்,

செப்டம்பர் 18 அன்று மாலை எங்கள் மொட்டை மாடியில் அமெரிக்க ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் முடிக்காமல் விட்டுப்போன ஆல்பத்தை, இரண்டு இசைத்தட்டுகளின் நான்கு பக்கங்களாக அடுக்கிக் கேட்டோம். வந்தவர்கள் பதினொரு பேர். அந்த ஒரு மாலைக்குப் பின்னால் எத்தனை கைகள் இருந்தன என்பது வந்தவர்களுக்கே தெரியாது. அதனால்தான் எல்லோருக்கும் தெரியும்படி எழுதுகிறேன்.

1970-இல் அதே நாளில் லண்டனில் ஹென்ட்ரிக்ஸ் இறந்தபோது அவருக்கு 27 வயது. நியூயார்க்கில் கிரீனிச் வில்லேஜில் அவர் ஆசை ஆசையாகக் கட்டிய எலெக்ட்ரிக் லேடி ஸ்டூடியோவின் திறப்பு விழா நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தரைக்கு அடியில் ஓடும் மினெட்டா ஓடையின் தண்ணீர் புகுந்து, கட்டும்போதே அந்த நிலவறை பாடாய்ப் படுத்தியது. அங்கே பதிவான நாடாக்களோடு, அவர் கைப்பட எழுதிய ஒரு பாடல் பட்டியலும் மிஞ்சியது. இரட்டை இசைத்தட்டின் மூன்று பக்கங்களுக்குப் பாடல்களை எழுதியிருந்தார். நான்காவது பக்கம் காலி. எங்களை இழுத்தது அந்தக் காலியிடம்தான்.

முதல் நன்றி, இந்த மடலைப் பார்க்கவே போகாத இருவருக்கு. ஒலிப்பதிவாளர் எடி கிரேமருக்கும், 2008-இல் மறைந்த டிரம்மர் மிட்ச் மிட்செலுக்கும். நண்பன் போன அடுத்த மாதமே மிட்செல் அதே ஸ்டூடியோவுக்குப் போய் ‘ஏஞ்சல்’ பாட்டுக்கு டிரம்ஸைப் புதிதாக வாசித்தார். காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, இல்லாதவனின் குரலுக்குத் தாளம் போடுவது எப்படி இருந்திருக்கும்? அந்தப் பாட்டில் டிரம்ஸ் எங்கேயும் குரலை முந்துவதில்லை. இருவரும் சேர்ந்து உருவாக்கிய ‘த க்ரை ஆஃப் லவ்’ ஆல்பம் 1971 மார்ச்சில் வந்தது. ராணுவத்தில் இருந்த நாளிலிருந்தே ஜிமியின் தோழரான பில்லி காக்ஸின் பேஸ் கிட்டாரும் அதில் பத்திரமாக இருக்கிறது.

எல்லோரும் அப்படி நடந்துகொள்ளவில்லை. 1975-இல் வந்த ‘கிராஷ் லேண்டிங்’ ஆல்பத்தில் ஜிமியின் கிட்டாரையும் குரலையும் வைத்துக்கொண்டு, கூட வாசித்தவர்களை எடுத்துவிட்டு, வேறு வாத்தியக்காரர்களை வாசிக்க வைத்தார்கள். நாடாவில் மீதம் இருப்பது ஒருவருடைய குரல் மட்டும் இல்லை, கூட நின்றவர்களின் மூச்சும்தான். எனக்கு இன்றைக்கும் அந்தத் தட்டைக் கேட்க மனம் வருவதில்லை.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. அதே தப்பை நானும் செய்யப் பார்த்தேன். அரைகுறையாக நிற்கும் ஒரு பதிவின் மேல் நம் டிரம்மர் தம்பியை வாசிக்கச் சொல்லலாம் என்று ஒரு யோசனை. அவன் இரண்டு நாள் அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு வந்து, “வேணாம்ணே, அங்க ஏற்கெனவே ஆள் உக்காந்திருக்காங்க” என்றான். தம்பி, அன்றைக்கு நீ வாசிக்காமல் இருந்ததுதான் நீ செய்த பெரிய உதவி. மனசார நன்றி.

ரெக்கார்டிங் தியேட்டரில் வேலை பார்க்கும் அக்காவுக்கு நன்றி. குரலையும் வாத்தியங்களையும் தனித்தனியாகப் பதியும் பதினாறு தடங்கள் உள்ள நாடா என்றால் என்ன, ஒரு தடத்தை அழித்து மேலே எழுதினால் பழையது ஏன் திரும்பாது என்று வெள்ளைத்தாளில் கோடு போட்டு விளக்கியது அவர்தான்.

தட்டும் பிளேயரும் தந்த கப்பல்காரர் மாமாவுக்கு எப்படி நன்றி சொல்ல? தட்டை உறையிலிருந்து எடுக்கும்போது விரல் பள்ளங்களில் படாமல், ஓரத்தை மட்டும் இரு உள்ளங்கைகளுக்கு நடுவே பிடித்தார். வெல்வெட் துணியால் ஒரே திசையில் ஒரு சுற்று துடைத்தார். ஊசியை இறக்குகிற வரை யாரையும் பேசவிடவில்லை. அந்தச் சில நொடி அமைதிக்கே அவருக்குத் தனியாக ஒரு கும்பிடு.

‘பெல்லி பட்டன் விண்டோ’வை எங்கே வைப்பது என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். ஆகஸ்ட் 22 அன்று ஜிமி தனியாக, கிட்டாரும் குரலுமாகப் பதிவு செய்த பாட்டு அது. 1971 தட்டிலும், உரிமைகள் குடும்பத்துக்குத் திரும்பிய பிறகு 1997-இல் வந்த ‘ஃபர்ஸ்ட் ரேஸ் ஆஃப் த நியூ ரைசிங் சன்’ தொகுப்பிலும் அதுதான் கடைசிப் பாட்டு. அவர் பட்டியலிலோ முதல் பக்கத்திலேயே இருக்கிறது. எங்களுக்குத் தீர்ப்புச் சொன்னவர் பக்கத்து வீட்டுப் பாட்டி. வயிற்றுக்குள் இருக்கும் குழந்தை வெளியே எட்டிப் பார்க்கிற பாட்டு என்று சொன்னதும், “பொறக்கப் போற புள்ளய கடைசியில கொண்டுபோய் வைப்பாங்களா?” என்றார். ஜிமி எழுதிய இடத்திலேயே வைத்தோம். பாட்டி, சத்தத்தைப் பொறுத்துக்கொண்டதற்கும் சேர்த்து நன்றி.

நான்காவது பக்கத்துக்கு நாங்கள் எடுத்தவை மூன்று: ‘எர்த் ப்ளூஸ்’, ‘இன் ஃப்ரம் த ஸ்டார்ம்’, கடைசியாக ‘ஹே பேபி’. இது எங்கள் கற்பனைதான். அவர் இருந்திருந்தால் நாலையும் கலைத்துப் போட்டிருப்பார். ஆனாலும் ‘ஹே பேபி’யை எடுத்ததற்குக் காரணம் உண்டு. கிட்டார் நீளமாகப் போய்க்கொண்டிருக்கும், பாட வேண்டிய இடம் வரும். அங்கே மைக் ஆன் ஆகியிருக்கிறதா என்று ஜிமி கேட்பார். கேட்டுவிட்டுப் பாட ஆரம்பிப்பார். பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்த குரல்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது. அதை வெட்டாமல் விட்டவர்களுக்கும் நன்றி.

அந்த இடம் வந்தபோது மாடியில் யாரோ, “இருக்கு, பாடுங்க” என்றார்கள். யாரென்று இருட்டில் தெரியவில்லை. அந்தக் குரலுக்கும் என் நன்றி.

அன்புடன்,
மாடி வீட்டுக்காரன்