அணையோர முகாமிலிருந்து நன்றியுடன்

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

தர்மபுரி மாவட்டத்தில் அணையை ஒட்டியிருக்கும் எங்கள் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில், புது வீட்டுக்கு வந்து முதல் மழைக்காலத்தைத் தாண்டிவிட்டோம். மழை பிடித்த முதல் ராத்திரி, அம்மா பழக்கத்தில் எழுந்து குண்டானையும் வாளியையும் தேடி எடுத்து வைத்தார். விடியும்வரை அவை காய்ந்தே கிடந்தன.

1990-ல் மன்னாரிலிருந்து படகில் வந்தபோது எனக்கு இரண்டு வயது. ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் முகாமில் பெயரைப் பதிந்து இங்கே அனுப்பினார்கள். பத்துக்குப் பத்து அறை, மேலே ஷீட். கொஞ்ச நாளைக்கு என்று கட்டியதில் முப்பது வருடம் ஓடியது. நடுவில் சேலையைக் கட்டித் தடுத்த அந்த ஒரே அறையில்தான் என் பிள்ளைகளும் வளர்ந்தார்கள்.

2021 ஆகஸ்ட் 27 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் எங்களுக்காக 317.40 கோடி ரூபாய்த் திட்டங்களை அறிவித்தார். குடும்பத் தலைவருக்கான மாத உதவி 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. பழுதான 7,469 வீடுகளைக் கட்டித்தர 231.54 கோடி. அதில் முதலில் 3,510 வீடுகள், 108.81 கோடி. வீட்டுக்கு மூன்று லட்சத்துச் சொச்சம். எங்கள் முகாமில் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் கணக்குப் பார்த்துவிட்டு, 'சுவர் எழும்பும், கூரைக்குப் பத்தாது' என்றார்கள். எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் 2023 செப்டம்பரில் வேலூர் மேல்மொணவூரில் முதலமைச்சர் திறந்துவைத்த 1,591 வீடுகளுக்குச் செலவு 79.70 கோடி. வீட்டுக்கு ஐந்து லட்சம் வருகிறது. அப்படியானால் 'இந்தத் தொகை போதாது' என்று யாரோ ஒருவர் கோப்பில் எழுதியிருக்க வேண்டும். இன்னொருவர் அதைப் படித்துக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அந்த இருவருக்கும் என் முதல் நன்றி. நீங்கள் எழுதிய ஒரு வரி எங்கள் தலைக்கு மேல் கான்கிரீட்டாக நிற்கிறது.

அப்புறம், வீடு வீடாக வந்து ஆட்களை எண்ணி, பெயர் விடுபட்ட கிழவிக்காக மறுபடி ஒரு தடவை நடந்து வந்த கிராம நிர்வாக அலுவலருக்கு. சித்திரை வெயிலிலும் சுவருக்குத் தண்ணீர் விடச் சொல்லி விரட்டிக்கொண்டே இருந்த பொறியாளருக்கு. அப்போது கோபம் வந்தது, சார். இப்போது ஒரு விரிசல்கூட இல்லை.

பக்கத்து ஊர் அக்காவைத் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய வீட்டை இடித்த அன்று சாமான்களோடு தெருவில் நின்றோம். நீங்கள் மாட்டை மரத்தடியில் கட்டிவிட்டுக் கொட்டாயைக் கூட்டிக் கொடுத்தீர்கள். எட்டு மாதம் இருந்தோம். ஒரு ரூபாய் வாங்கவில்லை. களி கிண்டும் நாளெல்லாம் எங்களுக்கும் சேர்த்து உருண்டை பிடித்தீர்கள். எங்கள் அம்மா இப்போது உங்களைவிட நன்றாகவே கிண்டுகிறார்.

இன்னும் வீடு கிடைக்காத முகாம்கள் இருக்கின்றன. அந்தக் கோப்புகளும் மேசையில் தங்காமல் நகர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வருகிற ஞாயிறு மத்தியானம் எங்கள் வீட்டில் மீன் குழம்பு. அணை மீன்தான். அக்கா, பிள்ளைகளோடு வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
முகாமில் வளர்ந்த உங்கள் தங்கை