நாகதம்பிரானுக்கு ஒரு கரண்டிப் பால் போதாதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கிட்ட உள்ள கோயிலுக்குப் போனேன். அரசும் வேம்பும் பின்னி நிற்கும் மரத்தடியில் நாகதம்பிரான் சிலைகள். மஞ்சள் கரைந்த பால் காலில் பிசுபிசுத்தது. உடைந்த முட்டை ஓட்டில் எறும்பு. வேர் இடுக்கெல்லாம் வெட்டிப்போட்ட பால் பக்கற்றுகள். புளித்த வாடையில் நின்று கும்பிட முடியவில்லை.

வழிபாட்டைக் குறை சொல்ல வரவில்லை. ராகு, கேது தோஷம் நீங்கவும் பிள்ளைப்பாக்கியம் வேண்டியும் வருகிறவர்களின் மனம் எனக்கும் தெரியும். நயினாதீவு அம்மனுக்குக் கடலில் நீந்திப் பூக் கொண்டுபோன நாகத்தின் கதை கேட்டு வளர்ந்தவள்தான் நானும். (கவனியுங்கள், அது கொண்டுபோனது பூ.) பாம்பின் சாப்பாடு எலியும் தவளையும், பால் அல்ல. சரி, கல்லுக்குத்தானே ஊற்றுகிறோம் என்பார்கள். அதற்கு ஒரு கரண்டி போதாதா, பால் விற்கிற விலையில்?

கோயில் நிர்வாகத்தினர் சிலையடியில் சிறு வடிகால் ஒன்றும், பக்கற் போட ஒரு வாளியும் வைத்தால் பெரிய உதவி. நாக சதுர்த்திக்கு முன்பே செய்துவிட்டால் நல்லது. அன்றைக்குத்தான் கூட்டம் அதிகம்.

வாசகி ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06