கீமோ முடிந்து வீடு போகிறவர் கையில் தமிழில் ஒரு தாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் கீமோவுக்காக யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹற்றன் என்று தூர இடங்களிலிருந்தும் தமிழர் மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கு வருகிறார்கள். எந்த வாட்டிலிருந்து துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினாலும், வீட்டில் செய்யவேண்டியதைத் தமிழில் அச்சிட்டுக் கொடுப்பது பெரிய செலவல்ல.

முதல் வரி காய்ச்சலாக இருக்கட்டும். பல மருந்துகளில், ஏற்றிய 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள்வரை கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அப்போது 38 பாகை செல்சியஸ் (100.4 பரன்ஹைட்) காட்டினாலே அவசரம். சீழ், இருமல் எதுவும் வராமலே கிருமி இரத்தத்தில் பரவிவிடலாம். நம் வீடுகளில் முதலில் தேடுவது பெனடோலைத்தான். அது சூட்டை மறைக்கும், கிருமியைத் தொடாது. சூட்டை அளந்து பார்க்காமல் அதை விழுங்கக்கூடாது. வெப்பமானியைக் கக்கத்தில் வைத்தால் அரைப் பாகையளவு குறைத்துக் காட்டலாம் என்பதால் நாக்கின் அடியில் வைத்துப் பார்க்கவேண்டும். கொழும்புக்கு இரவு பஸ் பிடிக்க நிற்காமல், 1990 அம்புலன்ஸை அழைத்து அருகிலுள்ள பெரிய வைத்தியசாலைக்குப் போய், "கீமோ எடுத்தவர், கடைசியாக ஏற்றியது இன்ன திகதி" என்று வாசலிலேயே சொல்லி அட்டையைக் காட்டவேண்டும். நரம்பு வழி அன்டிபயோட்டிக் ஒரு மணித்தியாலத்துக்குள் ஏறவேண்டும்.

வாந்தி மாத்திரையை, வாந்தி வரட்டும் என்று காத்திராமல் சொன்ன நேரத்துக்கே போடவேண்டும். முதல் 48 மணித்தியாலம் சிறுநீரிலும் வாந்தியிலும் மருந்து கலந்திருக்கும். துப்புரவாக்குபவர் கையுறை போடட்டும், கொமட்டை மூடி இருமுறை தண்ணீர் அடிக்கட்டும்.

கிருமி இருக்கலாம் என்பதால், வெட்டி வைத்து விற்கும் அன்னாசியும் வேண்டாம்.

வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை